வால்வு புதுசு, தசை பழசு

இதயத்தின் அயோர்ட்டிக் வால்வை மாற்றும் அறுவை முடிந்து மூன்று மாதம் கழித்து எக்கோ எடுப்பார்கள். ரிப்போர்ட்டின் மேல்பாதியில் செயற்கை வால்வு நன்றாக வேலை செய்வதாக ஒரு வரி இருக்கும். மனசு லேசாகும். நாலு வரி கீழே 'கான்சென்ட்ரிக் எல்விஎச்' என்று இன்னொரு வரி. வீட்டில் யாராவது கூகுளில் தட்டிப் பார்த்து, இதயத் தசை தடித்திருக்கிறது என்று படித்துவிட்டுக் கலங்கிப்போவார்கள். நெஞ்சைத் திறந்து, இத்தனை லட்சம் செலவழித்து, ஐசியூ வாசலில் காத்துக் கிடந்து எல்லாம் முடிந்த பிறகும் இதயத்தில் கோளாறு என்று எழுதியிருந்தால் யாருக்குத்தான் கலங்காது?

ஓபி கூட்டத்துக்கு நடுவே டாக்டரிடம் கேட்டால், "அது அப்படித்தாம்மா இருக்கும், போகப்போகச் சரியாகும்" என்பார். அவர் சொல்வது பெரும்பாலும் உண்மை. அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்ளலாம். எல்விஎச் என்பதை 'இதய வீக்கம்' என்று நம் ஊரில் மொழிபெயர்த்துவிடுகிறார்கள். வீக்கம் என்றதும் நீர் கோத்துக்கொண்டதாகவோ, புண்பட்டதாகவோ தோன்றும். இங்கே அப்படி எதுவும் இல்லை. இடது கீழறையின் சுவர் தடித்திருக்கிறது, அவ்வளவுதான். இதயம் பெரிதாகிவிட்டது என்று சொல்லும்போது பெரும்பாலும் அறை விரிந்துபோனதைச் சொல்வார்கள். அது வேறு சமாசாரம், அதற்குப் பிறகு வருகிறேன்.

கதவு இறுகினால் சுவர் பருக்கும்

இடது கீழறைதான் உடம்பு முழுக்க ரத்தத்தைத் தள்ளும் அறை. அதிலிருந்து பெருந்தமனிக்குப் போகும் வாசலில் இருப்பது அயோர்ட்டிக் வால்வு. மூன்று மெல்லிய இதழ்கள், ஒருபக்கம் மட்டும் திறக்கும் கதவு. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று வைத்தால் ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல் திறந்து மூடுகிறது. முழுதாகத் திறந்தால் வாசலின் பரப்பு 3 முதல் 4 சதுர செ.மீ. இருக்கும்.

இந்தக் கதவு இறுகிப்போக மூன்று வழிகள் உண்டு. வயதாக ஆகச் சுண்ணாம்புச் சத்து படிந்து இதழ்கள் கல்லாகலாம். பிறக்கும்போதே மூன்றுக்குப் பதில் இரண்டு இதழ்களோடு பிறந்து, அதனால் சீக்கிரமே தேய்ந்து இறுகலாம். நூறு பேரில் ஒருவர் இருவருக்கு அப்படி இருக்கிறது. சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் இதழ்களை ஒட்டவைத்துவிட்டும் போகலாம். நம் நாட்டில் இந்த மூன்றாவதை இன்னமும் பார்க்கிறோம். எந்த வழியில் வந்தாலும் வாசல் 1 சதுர செ.மீ.க்குக் கீழே சுருங்கினால் கடும் அடைப்பு என்பார்கள்.

வாசல் சுருங்கிவிட்டது என்பதற்காக உடம்பு ரத்தம் கேட்பதைக் குறைத்துக்கொள்ளாது. அதே அளவு ரத்தத்தைச் சின்ன ஓட்டை வழியாகத் தள்ள வேண்டுமானால் அழுத்தத்தைக் கூட்டியாக வேண்டும். கையில் பட்டை கட்டிப் பார்த்தால் பிபி 120 என்று காட்டும். கதவுக்கு உள்பக்கம், கீழறைக்குள் அது 180 ஆக இருக்கும், சிலருக்கு 200ஐயும் தாண்டும். கதவுக்கு வெளியே இருப்பதைத்தான் பிபி கருவி அளக்கிறது. "எனக்குப் பிபியே இல்லையே, எப்படி இதயம் தடித்தது?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். அவர்கள் இதயத்துக்கு மட்டும் பல வருடமாகப் பிபி இருந்திருக்கிறது.

அழுத்தம் கூடியதும் சுவர் ஏன் பருக்க வேண்டும்? லாப்லாஸ் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞரின் பெயரில் ஒரு விதி இருக்கிறது. அறைச் சுவரின் ஒவ்வொரு துணுக்கும் தாங்கும் இழுவிசையைச் சொல்வது அது. அழுத்தத்தை அறையின் ஆரத்தால் பெருக்கி, சுவர்த் தடிப்பின் இருமடங்கால் வகுத்தால் அந்த விசை கிடைக்கும். அழுத்தம் 120இலிருந்து 180 ஆனால் ஒன்றரை மடங்கு. சுவரும் 9 மி.மீ.யிலிருந்து பதின்மூன்றரை மி.மீ. ஆகிவிட்டால் கணக்கு நேராகிவிடும், ஒவ்வொரு தசைத் துணுக்கின் தலையிலும் பழைய சுமைதான். இதயம் கணக்குப் படித்ததில்லை, ஆனாலும் கிட்டத்தட்ட இதையே செய்கிறது. 1975இல் வில்லியம் கிராஸ்மனும் சகாக்களும் நோயாளிகளின் இதயத்துக்குள் அழுத்தத்தையும் சுவர்த் தடிப்பையும் சேர்த்து அளந்து பார்த்தார்கள். அழுத்தச் சுமை ஏறிய இதயங்களில், சுருங்கும் நேரத்துச் சுவர் விசை இயல்பான அளவிலேயே இருந்தது. கூடிய அழுத்தத்துக்கு ஈடாகச் சுவர் பருத்திருந்தது.

தசை செல்கள் எண்ணிக்கையில் பெருகிச் சுவர் தடிப்பதில்லை. வளர்ந்த மனிதரின் இதயச் செல்கள் பிரிந்து பெருகுவது மிகமிகக் குறைவு. இருக்கிற ஒவ்வொரு செல்லும் உள்ளுக்குள் புது இழைகளைப் பக்கம்பக்கமாக அடுக்கிக்கொண்டு பருமனாகிறது. கயிற்றில் இன்னும் இரண்டு புரி சேர்த்து முறுக்குவது மாதிரி.

வால்வு இறுகாமல் ஒழுகினால் கதை வேறு. தள்ளிய ரத்தத்தில் ஒரு பகுதி திரும்ப உள்ளே வந்துவிடும், அறைக்கு அளவுக்கு மீறிய கொள்ளளவு வேண்டியிருக்கும். அப்போது இழைகள் முனையோடு முனை சேர்ந்து நீள்கின்றன, அறை விரிகிறது. ரிப்போர்ட்டில் 'எக்சென்ட்ரிக்' என்று வந்தால் இந்த விரிந்த வகை. 'கான்சென்ட்ரிக்' என்றால் அறை பெரிதாகாமல் சுவர் உள்நோக்கித் தடித்த வகை. இந்தக் கட்டுரை பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றியது.

இப்படிச் சமாளித்ததற்கு இதயம் ஒரு விலையும் கொடுக்கிறது. தடித்த சுவர் விறைப்பாக இருக்கும். சுருங்குவதில் குறை தெரியாது, ஒரு துடிப்பில் அறை வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கைச் சொல்லும் இஎஃப் 60 சதவீதம் என்று அழகாக வரும், ஆனால் தளர்ந்து ரத்தத்தை உள்ளே வாங்குவதில் திணறும். உள்ளே போக முடியாத அழுத்தம் பின்னால் நுரையீரல் வரை தேங்க, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். இன்னொரு சிக்கல், தசை பருத்த வேகத்துக்கு அதற்கு ரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்கள் வளர்வதில்லை. சுவரின் உள்ளடுக்குக்கு ரத்தம் போதாமல் போகிறது. இதயத் தசைக்கே ரத்தம் கொண்டுவரும் கரோனரிக் குழாயில் அடைப்பே இல்லாதவருக்கும் நடந்தால் நெஞ்சு பிடிப்பது இதனால்தான். ரத்தம் போதாத இடத்தில் சில செல்கள் சாகின்றன, அங்கே தழும்பு உருவாகிறது. தழும்பைத் தவிர, செல்களுக்கு இடைப்பட்ட வெளியெங்கும் நார் மெல்லப் பரவுகிறது. பரவிய நார், திட்டான தழும்பு என்ற இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

வால்வு மாறிய அந்த நேரம்

அறுவை மேசையில் புது வால்வு பொருத்தி இதயம் மறுபடி துடிக்கத் தொடங்கியதும் அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். கால் வழியாகக் குழாய் விட்டுப் பொருத்தும் டாவி முறையிலும் அப்படித்தான். பிரான்ஸின் ரூவாங் நகரில் ஆலன் கிரிபியே 2002 ஏப்ரல் 16 அன்று முதன்முதலில் ஒரு மனிதருக்குச் செய்த முறை அது. பத்து வருடமாக ஏறிய சுமை சில நொடிகளில் இறங்கிவிடுகிறது. சுவருக்கு அந்தச் செய்தி போய்ச் சேர மாதக்கணக்காகும்.

இந்த இடைவெளியில் அபூர்வமாக ஒரு விபரீதம் நடப்பதுண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்ப்பவர்கள் அதற்குத் 'தற்கொலைக் கீழறை' என்று பேர் வைத்திருக்கிறார்கள். அறை சின்னது, சுவர் தடித்தது, நடுச்சுவரின் மேல்பகுதி வாசலுக்குக் கீழே புடைத்துக்கொண்டிருக்கிறது. இதுவரை எதிர்ப்பு இருந்ததால் அறை முழுதாகச் சுருங்காமல் இருந்தது. கதவு திடீரென்று அகலத் திறந்ததும், பழைய பலத்தோடு அழுத்தும் தசை தன்னையே நசுக்கிக்கொள்ளும். வால்வுக்குக் கீழே தசையே வழியை அடைத்துக்கொள்ளும், பிபி சரியும். பிபி சரிந்தால் இதயத்தை இன்னும் வேகமாக அடிக்க வைக்கும் மருந்து கொடுப்பதுதான் வழக்கம். இங்கே அதைக் கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும். திரவம் ஏற்றி அறையை நிரப்பி, துடிப்பை நிதானப்படுத்தும் பீட்டா பிளாக்கர் மருந்து கொடுத்துத்தான் மீட்பார்கள். அறுவைக்கு முன் எடுக்கும் எக்கோவில் நடுச்சுவரைத் தனியாகக் கவனிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சிலருக்கு வால்வு மாற்றும்போதே அந்தப் புடைப்பைச் செதுக்கியும் விடுகிறார்கள்.

பெரும்பாலானவர்களுக்கு இதெல்லாம் வராது. முதல் சில வாரங்களிலேயே தடிப்பு இறங்கத் தொடங்கும், இறக்கத்தின் பெரும்பகுதி முதல் ஆறு மாதம் ஒரு வருடத்துக்குள் நடந்துவிடும், மிச்சம் வருடக்கணக்கில் மெதுவாகப் போகும். செல்கள் கூடுதலாக அடுக்கி வைத்த இழைகளைத் தாங்களே உடைத்து அப்புறப்படுத்துகின்றன. கடும் பயிற்சியால் இதயம் தடித்த விளையாட்டு வீரர் பயிற்சியை நிறுத்தினால் சில வாரங்களிலேயே தடிப்பு குறையும். வால்வு நோயாளிக்கு அதைவிட நாளாகிறது, காரணம் நடுவில் கிடக்கும் நார்.

குழம்பு சுண்டினால் உப்பு கரிக்கும்

சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரத்து ஆய்வாளர்கள் 1989இல் வெளியிட்ட ஒரு வேலை இந்த விஷயத்தில் எனக்கு மிகப் பிடித்தது. வால்வு நோயாளிகளின் இடது கீழறையிலிருந்து அறுவைக்கு முன் ஒரு தசைத் துணுக்கு, அறுவைக்குப் பிறகு சுமார் 18 மாதத்தில் ஒன்று, சுமார் 70 மாதத்தில் ஒன்று என்று எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். இன்றைக்கு யாரும் அப்படி ஒரு ஆய்வுக்கு ஒப்புவார்களா என்பது சந்தேகம்தான்.

18 மாதத்தில் தசைச் செல்கள் மெலிந்திருந்தன, இடது கீழறையின் தசை எடையும் நன்றாகக் குறைந்திருந்தது. ஆனால் தசையில் நாரின் சதவீதம் மட்டும் அறுவைக்கு முன் இருந்ததைவிடக் கூடியிருந்தது. அறுவை நாரைப் பெருக்கிவிட்டதா? இல்லை. குழம்பைச் சுண்ட வைத்தால் உப்பு கரிக்குமே, அந்த மாதிரி. உப்பு போட்டது போட்டபடிதான் இருக்கிறது, தண்ணீர் வற்றியதால் ஓங்கித் தெரிகிறது. தசை வேகமாகச் சுருங்கியது, நார் அந்த வேகத்துக்குக் கரையவில்லை. 70 மாதத்தில் பார்த்தபோது நாரின் பங்கும் இறங்கியிருந்தது.

விறைப்பும் இதே பாதையில்தான் போகிறது. அறுவை முடிந்து ஒன்றரை இரண்டு வருடத்தில் சுவர் மெலிந்திருந்தாலும் விறைப்பு போகவில்லை என்றும், ஆறேழு வருடத்தில்தான் இயல்புக்கு வந்தது என்றும் பின்னர் வந்த ஆய்வு காட்டியது. "எக்கோ நல்லா இருக்குன்னு சொல்றாங்க, எனக்கு ஏன் இன்னும் படி ஏறினா மூச்சு வாங்குது?" என்று கேட்பவரைச் சோம்பேறி என்றோ பயந்தாங்கொள்ளி என்றோ வீட்டில் சொல்லாமல் இருக்க இந்த ஒரு தகவல் போதும்.

இப்போது தசையை வெட்டி எடுக்க வேண்டியதில்லை, எம்ஆர்ஐ இருக்கிறது. லண்டனில் வால்வு மாற்றுவதற்கு முன்பும் ஒரு வருடம் கழித்தும் எம்ஆர்ஐ எடுத்து ஒப்பிட்ட ஆய்வு 2018இல் வெளியானது. ஒரு வருடத்தில் இடது கீழறையின் எடை சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. செல்கள் மெலிந்திருந்தன. செல்களுக்கு இடையே பரவிய நாரும் குறைந்திருந்தது. திட்டுத் திட்டாகக் கிடந்த தழும்பு மட்டும் அசையவே இல்லை.

அதாவது தடிப்பு திரும்பும், பரவிய நார் தாமதமாகத் திரும்பும், தழும்பு திரும்பாது. அப்படியானால் தழும்பு விழுமுன்பே வால்வை மாற்றிவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றினால், இதயநோய் மருத்துவர்களுக்கும் அது தோன்றியிருக்கிறது. அறிகுறியே இல்லாத, ஆனால் எம்ஆர்ஐயில் தழும்பு தெரிந்த கடும் அடைப்பு நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு உடனே வால்வு மாற்றிப் பார்த்த ஒரு சோதனையின் முடிவு 2024இல் வந்தது. இறப்பு, வால்வுக் கோளாறால் திடீரென்று மருத்துவமனையில் சேர்வது ஆகிய இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில் இரு பிரிவுக்கும் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. சேர்ந்தவர்கள் 224 பேர்தான், வாதம் முடிந்துவிடவில்லை.

பெண்களுக்குத் தடிப்பு ஆண்களைவிட வேகமாக இறங்குவதாகவும், அவர்களுக்கு நார் குறைவாக இருப்பதாகவும் சில ஆய்வுகள் சொல்கின்றன. வீட்டில் இருவருக்கும் வால்வு மாற்றியிருந்தால் ஒருவர் ரிப்போர்ட்டை மற்றவரோடு வைத்து ஒப்பிட வேண்டாம்.

ரிப்போர்ட்டில் உள்ள மில்லிமீட்டர்

எக்கோ ரிப்போர்ட்டில் ஐவிஎஸ் என்று இருப்பது நடுச்சுவர், பிடபிள்யூ என்பது பின்சுவர். ஆண்களுக்கு 10 மி.மீ. வரை, பெண்களுக்கு 9 மி.மீ. வரை இயல்பு. நோயாளிகள் கவலைப்படுவது இந்த எண்களைப் பார்த்துத்தான். டாக்டர் பார்ப்பது இவற்றிலிருந்து கணக்கிடும் கீழறை எடையை. அந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டால் பாதிக் கலக்கம் தீரும்.

இரண்டு சுவரையும் அறையின் உள்விட்டத்தையும் செ.மீ.யில் கூட்டி மும்மடியாக்குங்கள். உள்விட்டத்தின் மும்மடியை அதிலிருந்து கழியுங்கள். வருவதை 0.832ஆல் பெருக்கி 0.6 கூட்டினால் எடை கிராமில் வரும். இரு சுவரும் 14 மி.மீ., உள்விட்டம் 46 மி.மீ. என்றால் சுமார் 257 கிராம். அறுவைக்குப் பிறகு சுவர்கள் 12 மி.மீ. ஆகிவிட்டால் 205 கிராம். பார்வைக்கு இரண்டே மில்லிமீட்டர்தான் குறைந்திருக்கிறது. எடையிலோ 52 கிராம் போய்விட்டது, ஐந்தில் ஒரு பங்கு. லண்டன் ஆய்வில் ஒரு வருடத்தில் வந்த அதே விகிதம். பதினாலு பன்னிரண்டாகியும் ரிப்போர்ட்டில் எல்விஎச் என்றுதான் அச்சாகியிருக்கும், ஏனென்றால் வரம்பு பத்து.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இரண்டு சுவரிலும் ஒரே ஒரு மி.மீ. தவறாக அளந்தாலும் இந்தக் கணக்கில் சுமார் 27 கிராம் மாறிவிடும். எக்கோ எடுப்பவர் குறிமுள்ளை எங்கே வைக்கிறார், எந்தத் துடிப்பை நிறுத்தி அளக்கிறார் என்பதைப் பொறுத்து ஒரு மி.மீ. இப்படி அப்படி ஆவது சகஜம். ஆறு மாதத்துக்கு முன் ஓரிடத்தில் 12, இப்போது வேறிடத்தில் 13 என்று வந்தால் தடிப்பு திரும்பிவிட்டது என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். முடிந்தவரை ஒரே இடத்தில் எடுங்கள். இசிஜியில் வரும் 'எல்விஎச்' இன்னும் நம்பகம் குறைந்தது. ஒல்லியானவருக்கு இல்லாத தடிப்பைக் காட்டும், பருமனானவருக்கு இருப்பதை மறைக்கும்.

இறங்காவிட்டால்

ஒரு வருடம் கடந்தும் எடை இறங்கவே இல்லை, அல்லது இறங்கி மறுபடி ஏறுகிறது என்றால் காரணம் தேட வேண்டும். சந்தேகப் பட்டியலில் முதலில் நிற்பது நாமெல்லாம் அறிந்த ரத்தக் கொதிப்பு. வால்வு அடைத்திருந்தபோது வெளியே போன ரத்தம் குறைவு, பிபியும் அடங்கிக் கிடந்திருக்கும். கதவு திறந்ததும் மறைந்திருந்த கொதிப்பு வெளியே வருகிறது. அறுவைக்குப் பிறகு பிபி கூடுவதைப் பார்த்து, அறுவைதான் பிபியைக் கொண்டுவந்தது என்று நினைத்து மாத்திரையைத் தள்ளிப்போடுபவர்கள் இருக்கிறார்கள். அது தப்பு. வால்வு என்ற சுமையை இறக்கிவிட்டுக் கொதிப்பு என்ற சுமையை ஏற்றினால் கீழறைக்கு இரண்டும் ஒன்றுதான். அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று அதற்குத் தெரியாது. 130/80ஐ ஒட்டி வைத்துக்கொள்ளத்தான் பெரும்பாலான மருத்துவர்கள் விரும்புவார்கள். உங்களுக்கு எவ்வளவு என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது வால்வின் அளவு. பம்பாயில் பிறந்து, கராச்சியில் மருத்துவம் படித்து, அமெரிக்காவில் பணியாற்றிய ஷாபுதீன் ரஹிம்துலா என்ற இதயநோய் மருத்துவர் 1978இல் இதற்கு ஒரு பேர் கொடுத்தார்: வால்வுக்கும் நோயாளிக்கும் இடையிலான பொருத்தமின்மை. செயற்கை வால்வில் கோளாறு எதுவும் இருக்காது, ஆனால் அந்த உடம்புக்கு அது சின்னது. சட்டையில் கிழிசல் இல்லை, ஆனால் பிடிக்கிறது. வால்வில் ரத்தம் போகும் திறப்பின் பரப்பை, உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் உடல் மேற்பரப்பால் வகுத்து, 0.85க்கு மேல் இருந்தால் பரவாயில்லை என்றும் 0.65க்குக் கீழ் போனால் கடுமை என்றும் கொள்கிறார்கள். 1.3 சதுர செ.மீ. வால்வு ஒல்லியான ஒருவருக்கு, மேற்பரப்பு 1.5 சதுர மீட்டர் என்றால், 0.87 வரும், சிக்கல் இல்லை. அதே வால்வு 1.9 சதுர மீட்டர் ஆளுக்கு 0.68 ஆகி, கடுமையின் எல்லையில் போய் நிற்கும். வால்வு உட்காரும் வளையம் சின்னதாக இருந்தால் பெருந்தமனியின் அடிப்பகுதியை வெட்டி விரித்துப் பெரிய வால்வைப் பொருத்தும் வழி அறுவையாளர்களிடம் உண்டு. அதனால் அறுவை நேரம் கூடும், ஆகவே யாருக்குச் செய்வது என்பதை அவர்கள் எடைபோட்டுத்தான் முடிவு செய்வார்கள்.

புது வால்வே பழுதாகவும் கூடும். மாட்டின் இதய உறை, பன்றியின் வால்வு ஆகியவற்றால் ஆன திசு வால்வு வருடங்கள் போகப் போகச் சுண்ணாம்பு ஏறி இறுகும். உலோக வால்வு அப்படித் தேயாது. திருவனந்தபுரத்தின் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய சித்ரா வால்வு இந்த வகைதான், 1990 டிசம்பரில் முதலில் பொருத்தப்பட்டது. ஆனால் உலோக வால்வில் ரத்தம் உறைந்து, திறந்து மூடும் தட்டு சிக்கிக்கொள்ளலாம், அதற்காகத்தான் ஆயுள் முழுக்க ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாதிரியான மருந்தும், அதன் அளவு சரியா என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனையும். வால்வைச் சுற்றிய ஓரமாக ஒழுகினாலும் கீழறைக்குச் சுமைதான், டாவியில் இதைக் கூடுதலாகக் கவனிப்பார்கள். இந்தப் பழுதுகளை எக்கோவில்தான் கண்டுபிடிக்கிறார்கள், இறுகியிருக்கிறதா என்பதை வால்வின் இருபுற அழுத்த வித்தியாசத்தை முதல் எக்கோவோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

வால்வுக்குச் சம்பந்தமே இல்லாத காரணங்களும் உண்டு. சிறுநீரக நோய், உடல் பருமன், உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் எல்லாம் தடிப்பைப் பிடித்துவைக்கும். பரம்பரையாக வரும் இதயத் தசைத் தடிப்பு நோயான ஹைப்பர்ட்ரோஃபிக் கார்டியோமயோபதி சிலருக்கு வால்வு நோயின் நிழலில் ஒளிந்திருக்கும். வயது முதிர்ந்தவர்களில், குறிப்பாக எண்பதை ஒட்டியவர்களில், அமிலாய்டு என்ற புரதம் இதயச் சுவரில் படிவது நினைத்ததைவிட அதிகம் என்பது கடந்த பத்தாண்டுகளில்தான் தெளிவானது. இதில் சுவர் தடிப்பதற்குத் தசை பருப்பது காரணமே இல்லை, ஆகவே சுமை இறங்கினாலும் இறங்க எதுவும் இல்லை. இரண்டு கையிலும் மணிக்கட்டு நரம்பு அழுந்தி மரத்துப்போய் அறுவை செய்துகொண்ட பெரியவர் என்றால் அதையும் இதய மருத்துவரிடம் சொல்லுங்கள். கைக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும், இந்த நோயில் சம்பந்தம் உண்டு.

மாத்திரை போட்டுத் தடிப்பைக் கரைக்கலாமா என்று கேட்பார்கள். கேண்டசார்ட்டான் என்ற பிபி மருந்து வால்வு மாற்றியவர்களுக்குத் தடிப்பைக் கூடுதலாக இறக்கியதாக டென்மார்க்கில் நடந்த ஒரு சிறிய சோதனை 2010இல் சொன்னது. 2025இல் ஸ்பெயினிலிருந்து வந்த பெரிய சோதனையில், டாவி செய்துகொண்ட, ஏற்கெனவே இதயச் செயலிழப்பு இருந்து கூடவே சர்க்கரையோ சிறுநீரகக் குறையோ இதயத் தசை பலவீனமோ உள்ளவர்களுக்கு டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை நோய் மருந்தைக் கொடுத்ததில் இறப்பும் செயலிழப்பு மோசமாவதும் சேர்ந்து குறைந்தன. யாருக்கு எது என்று முடிவு செய்வது உங்கள் மருத்துவர் வேலை. பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடும் மாத்திரை என்று வாங்கிப் போட வேண்டாம்.

ஒரு விஷயத்தை மட்டும் வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். விறைத்த கீழறை தானாக நிறைவதற்குத் திணறும் என்று மேலே சொன்னேன். கடைசி நேரத்தில் மேலறை ஒரு தள்ளு தள்ளித்தான் அதை நிரப்புகிறது. சாதாரண இதயத்தில் இந்தத் தள்ளலின் பங்கு ஐந்தில் ஒன்று என்றால், தடித்த இதயத்தில் இன்னும் கூடுதல். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாளம் தப்பிய துடிப்பு வந்தால் மேலறை வெறுமனே நடுங்கும், தள்ளாது. நேற்றுவரை நடந்துகொண்டிருந்தவர் இன்று படுக்க முடியாமல் மூச்சு வாங்குவார். நெஞ்சு படபடத்து, நாடி ஒழுங்கில்லாமல் ஓடினால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் அன்றைக்கே இசிஜி எடுங்கள். அதேபோல வயிற்றுப்போக்கு, வாந்தி என்று உடம்பில் நீர் வற்றினாலும் இந்தக் கீழறை சீக்கிரம் சுணங்கும். நீர்மாத்திரை சாப்பிடுபவர்கள் அந்த நாட்களில் அதைத் தொடர்வதா நிறுத்துவதா என்று போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த எக்கோவுக்குப் போகும்போது அறுவைக்கு முன் எடுத்த ரிப்போர்ட்டையும், அறுவைக்குப் பிறகு முதன்முதலில் எடுத்ததையும் சேர்த்து எடுத்துப்போங்கள். பலர் வால்வு மாறியாயிற்று, இனி எதற்கு என்று முந்தையதைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். எந்த உயரத்திலிருந்து இறங்கினோம் என்று சொல்ல அது ஒன்றுதான் சாட்சி.

உங்கள் உடல் எடையையும் ஒவ்வொரு தடவையும் அன்றைக்கே பார்த்து எழுதச் சொல்லுங்கள். கீழறை எடையை உடல் மேற்பரப்பால் வகுத்துத்தான் இயல்பா இல்லையா என்று தீர்மானிக்கிறார்கள், ஆண்களுக்கு 115, பெண்களுக்கு 95 வரை இயல்பு. மேற்பரப்பு 1.55 இருந்தபோது 205 கிராம் கீழறை 132 என்று வரும். நோய் தீர்ந்து வாய்க்கு ருசி திரும்பி, மகள் வீட்டில் மூன்று மாதம் நன்றாகச் சாப்பிட்டு மேற்பரப்பு 1.65 ஆகிவிட்டால், அதே 205 கிராம் 124 ஆக இறங்கிக் காட்டும். இதயம் ஒரு கிராம்கூட இளைத்திருக்காது.